இதயத்தில் ஒரு பழைய எழுத்துப்பிழை

சில காலத்துக்கு முன் ஒரு தாய் தம் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது மைதானத்திலேயே சரிந்து விழுந்து இறந்து ஓராண்டு கழிந்திருந்தது. வயது 22. அதற்கு முன் இருமுறை ஆட்டத்தின் நடுவே மயக்கம் வந்ததுண்டு என்றும், வெயிலில் ஆடியதால் வந்தது என்று வீட்டார் எண்ணிவிட்டதாகவும் கூறினார். மேலும் கேட்டபோது, தம் உடன்பிறந்த தம்பியும் 36 வயதில் இரவு உறக்கத்திலேயே இறந்ததைச் சொன்னார். இவற்றை நான் குறிப்பில் எழுதத் தொடங்கியதும் அவர் கையை நீட்டித் தடுத்தார். "டாக்டர், இத சீட்டுல எழுதண்டாம். மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம்" என்றார்.

அவர் அஞ்சியது நோயை அன்று, ஊரின் பேச்சை. இத்தகைய அச்சம் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 'அந்த வீட்டில் நெஞ்சு நோய் உண்டு' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, உயிரைக் காக்கக்கூடிய செய்திகளை மறைத்துவிடுகின்றனர். குடும்பவழி இதயத் தசை நோய்களைப் பற்றிப் பரிணாம உயிரியலும் மரபணுத்தொகுதி ஆய்வும் கடந்த இருபது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றை அறிந்துகொண்டால், இந்த அச்சம் எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும். அந்த ஆய்வில் தமிழகத்துக்கும் ஒரு சிறப்பான பங்கு உண்டு.

தடித்துப்போகும் சுவர்

முதலில் ஒரு தெளிவு தேவை. திடீரென நேரும் இதய மரணங்களில், குறிப்பாக நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடம், பெரும்பாலானவை இரத்தக்குழாய் அடைப்பால் வரும் மாரடைப்பினால் நிகழ்பவை. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகையிலை, கொழுப்பு ஆகியவை அதன் காரணங்கள். இங்கே பேசப்படுவது வேறொரு நோய். இதில் இரத்தக்குழாய்களில் அடைப்பு இராது; இதயத்தின் தசையே தடித்துப்போகிறது. மருத்துவ அறிக்கைகளில் இது ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி என்று எழுதப்பட்டிருக்கும். தமிழில் இதயத் தசைத் தடிப்பு நோய் எனலாம். ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. அவர்களுள் மிகப்பலர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர்.

இதயத்தின் இடக் கீழறைச் சுவர் பொதுவாக 6 முதல் 11 மில்லிமீட்டர் தடிப்புடையது. உயர் இரத்த அழுத்தம் போன்ற வேறு காரணம் எதுவுமின்றி அது 15 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால் இந்நோய் எனக் கொள்கிறோம். நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினராக இருந்தால் 13 மில்லிமீட்டரே நம்மை எச்சரிக்கப் போதுமானது.

சுவர் ஏன் தடிக்கிறது? இதயத் தசையின் ஒவ்வோர் இழையிலும் மயோசின் என்னும் புரதம் துடுப்புகளைப் போல அமைந்துள்ளது. நம் கடற்கரையில் வள்ளம் வலிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எந்நேரமும் துடுப்புப் போடுவதில்லை. சிலர் வலிக்கச் சிலர் இளைப்பாறுவர். தேவை மிகும்போதுதான் அனைவரும் இறங்குவர். இதயத்திலும் அப்படியே. ஒவ்வொரு துடிப்பின்போதும் மயோசின் துடுப்புகளில் ஒரு பகுதி ஓய்வில் இருக்கும். அவற்றை ஓய்வில் அமர்த்திக் கட்டுப்படுத்தும் புரதங்களுள் ஒன்று மயோசின் பிணைப்புப் புரதம்-சி. அது குறைந்துபோனாலோ பழுதுபட்டாலோ, ஓய்வெடுக்க வேண்டிய துடுப்புகளும் சேர்ந்து வலிக்கின்றன. இதயம் தேவைக்கு மேல் இறுக்கமாகச் சுருங்குகிறது. முழுமையாகத் தளர இயலாமல் போகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தசை தடித்து, இழைகள் ஒழுங்கு குலைந்து, சிலருக்கு மின்துடிப்பின் சீரும் கெடுகிறது. திடீர் மரணம் நிகழ்வது இந்தச் சீர்கேட்டினால்தான்.

இருபத்தைந்து எழுத்துகள்

மேற்சொன்ன புரதத்தை உருவாக்கும் கட்டளை நம் 11-ஆம் குரோமோசோமில் உள்ள எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நம் மரபணுத்தொகுதி என்னும் பெருநூலில் இம்மரபணு ஏறக்குறைய 21,000 எழுத்துகளைக் கொண்ட ஒரு சிறு பகுதி. 2003-ஆம் ஆண்டில், இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் இதன் இறுதிப் பகுதியருகே 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர்.

இச்செய்தி எவ்வளவு பரந்தது என்பது 2009-இல் வெளிப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்ட பெருந்துறை சு. தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் அடங்கிய குழு, தன் முடிவுகளை 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்டது. 800 இதய நோயாளிகளையும் நோயற்ற 699 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். இந்த 25 எழுத்து விடுபாட்டுக்கும் இதயத் தசை நோய்க்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கணக்கிட்டனர். பின்னர், நோயைக் கருதாமல் பொதுவாகத் தேர்ந்த 6,273 பேரை, நாடெங்கும் உள்ள 107 இனக்குழுக்களிலிருந்து எடுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இவ்விடுபாடு இருந்தது. பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாட்டவரிடமும் காணப்பட்டது. உலகின் பிற பகுதி மக்களிடம் காணப்படவில்லை.

நூற்றுக்கு நான்கு என்பதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 500 பேர் அமர்ந்திருக்கும் ஒரு திருமண மண்டபத்தில் அது 20 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள் ஏறத்தாழ 18 லட்சத்து 70 ஆயிரம். அந்தச் சராசரி இங்கும் பொருந்துமாயின் ஏறத்தாழ 75,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். அது எப்படி என்பதைச் சிறிது பின்னர்க் காண்போம்.

ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழை

நாஞ்சில் நாட்டின் வரலாற்றுக்குச் சான்றாக விளங்குபவற்றுள் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளும் அடங்கும். ஓலைச்சுவடி நெடுங்காலம் நிலைக்காது. செல்லரிப்பதற்கு முன் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். எழுதுபவர் எவ்வளவு கவனமானவராயினும் ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபடும். ஓரிடத்தில் ஒரு வரி தவறும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுபவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவார். எனவே சுவடிப் பதிப்பாசிரியர்கள் பல படிகளை ஒப்பிடும்போது, ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு படிகளில் இருந்தால், அவ்விரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று முடிவு செய்வர்.

மரபணு ஆய்வாளரும் இதே முறையைத்தான் கையாளுகின்றனர். ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் மரபணுத்தொகுதி பிள்ளைக்காகப் பெயர்த்தெழுதப்படுகிறது. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60 முதல் 70 புதிய மாற்றங்களுடன் பிறக்கிறது. அவற்றுள் மிகப்பலவற்றால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஒரு மாற்றத்தைச் சூழ்ந்துள்ள எழுத்துகள் எத்தனை பேரிடம் எவ்வளவு தூரம் ஒத்திருக்கின்றன என்பதைக் கொண்டு, அது எவ்வளவு காலத்துக்கு முன் தோன்றியது என மதிப்பிடலாம். அவ்வாறு கணித்தபோது, 25 எழுத்து விடுபாடு ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் இத்துணைக்கண்டத்தில் வாழ்ந்த ஒருவரிடம் தோன்றியிருக்கலாம் எனத் தெரியவந்தது. இன்று இதனைத் தாங்கும் கோடிக்கணக்கானோர் அனைவரும் பெயர் தெரியாத அந்த ஒருவரின் வழிவந்தோர்.

இவ்வாறு பழைய தடங்களைத் தேடுவதில் தமிழகத்துக்கு முன்பே ஓர் இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், உசிலம்பட்டியை அடுத்த ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த விருமாண்டியிடம் எம்.130 என்னும் மரபணு அடையாளத்தைக் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுத் தென்னாசியக் கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற தொல்மாந்தரின் தடமாக அது கருதப்படுகிறது.

33,000 ஆண்டு என்பது ஆழ்ந்து எண்ணத்தக்க காலம். அன்று வேளாண்மை இல்லை, ஊர் இல்லை, இன்றுள்ள சாதியோ மதமோ எதுவும் இல்லை. இந்தியாவில் பல்வேறு மக்கட்கூட்டங்கள் பெருமளவில் ஒன்றோடொன்று கலந்தது ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் என்றும், அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்றும் 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆகவே இவ்விடுபாடு எந்த ஒரு சாதிக்கோ சமயத்துக்கோ உரியதன்று. பிரிவுகள் தோன்றுவதற்கு முன்பே நம் அனைவரின் இரத்தத்திலும் கலந்துவிட்ட ஒன்று அது. 'அந்த வீட்டுக் குறை' என்று சுட்டிக்காட்ட ஒருவருக்கும் உரிமையில்லை. சுட்டுபவரின் வீட்டிலும் அது இருக்கக்கூடும்.

இயற்கைத் தேர்வு ஏன் களையவில்லை?

தீங்கு செய்யக்கூடிய ஒன்று இத்தனை ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் இருந்தது எப்படி? இயற்கைத் தேர்வு என்பது வயலில் களை எடுப்பவரைப் போன்றது. ஆனால் இந்தக் களை எடுப்பவர் கதிர் முற்றும் வரையில் மட்டுமே வயலில் நிற்பார். அறுவடை முடிந்தபின் என்ன முளைத்தாலும் அவருக்குக் கவலை இல்லை. ஒரு குறை, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் பருவத்துக்கு முன்பே உயிரைப் பறித்தால், அது அடுத்த தலைமுறைக்குச் செல்லாது, விரைவில் மறையும். நடுவயதிலோ முதுமையிலோ வெளிப்படும் குறை அதற்குள் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்திருக்கும். பிற்கால நோய்களை இயற்கைத் தேர்வு எளிதில் களைவதில்லை என்ற இக்கருத்தை, பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி இந்தியக் குடியுரிமையும் பெற்ற உயிரியலாளர் ஹால்டேன் 1940-களில் சுட்டினார். பீட்டர் மெடவார் 1952-இல் அதை விரித்துரைத்தார்.

இத்துடன் தற்செயலும் சேர்கிறது. சிறிய கூட்டமாக வாழ்ந்த முன்னோருள் ஒருவருக்குப் பிள்ளைகள் மிகுதியாகப் பிழைத்திருந்தால், அவரிடமிருந்த மாற்றம் நல்லதோ தீயதோ, பெருகிவிடும். ஒரு மாற்றம் பரவியிருக்கிறது என்பதனாலேயே அது பயனுள்ளது என்று கொள்ளலாகாது.

ஆய்வு தன்னையே திருத்திக்கொண்டது

இனி, முன்பு நிறுத்திய வினாவுக்கு வருவோம். நூற்றுக்கு நால்வர் இவ்விடுபாட்டைத் தாங்கியிருக்க, நோயோ 500 பேருக்கு ஒருவரிடம்தான் காணப்படுகிறது என்றால், இடையில் வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா?

2018-இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த குழு ஒன்று, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேரிடம் இவ்விடுபாடு இருப்பதைக் கண்டது. விடுபாடு உடையவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இரண்டாவதாக ஒரு மாற்றமும் சேர்ந்திருந்தது. இவ்விரண்டும் உடையவர்களின் இதயம் இயல்பைவிட மிகையாகச் சுருங்குவதும் தெரிந்தது. 2020-இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி முன்னேறியது. 25 எழுத்து விடுபாடு மட்டும் தனித்து இருப்பவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதில்லை. அவ்விடுபாடு உள்ள இழையிலேயே பிற்காலத்தில் தோன்றிய வேறொரு மாற்றத்தையும் சேர்த்துத் தாங்கும் சிறு பிரிவினருக்கே நோய் வருகிறது என்று அது காட்டியது.

ஏட்டு உவமையில் சொன்னால் இது எளிதில் விளங்கும். முதல் பிழை பொருளைக் கெடுக்காத பிழை. ஆயிரக்கணக்கான படிகளில் பரவியது. அப்படிகளுள் ஒன்றைப் பெயர்த்தெழுதிய ஒருவர் இரண்டாவது பிழை ஒன்றைச் செய்தார். அது பொருளையே மாற்றும் பிழை. அந்தப் படியின் வழிவந்த ஏடுகளில் இரு பிழைகளும் சேர்ந்தே இருக்கும். முதல் பிழையை மட்டும் அறிந்திருந்த நாம், பொருள் கெட்ட ஏடுகளில் எல்லாம் அதைக் கண்டு, கெடுத்தது அதுவே என்று எண்ணியிருந்தோம்.

2009-இன் ஆய்வு வீண் என்று இதற்குப் பொருளன்று. அது சரியான கதவைத் தட்டியது; பின்வந்தவர்கள் உள்ளே சென்று சரியான அறையைக் கண்டனர். நோயாளிகளாகிய உங்களுக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. எங்கேனும் செய்த மரபணுப் பரிசோதனை அறிக்கையில் இந்த 25 எழுத்து விடுபாடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அதைக் கொண்டு நோய் என முடிவு கட்டிவிட வேண்டாம். அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள். எக்கோ பரிசோதனையும் குடும்ப வரலாறும் சேர்ந்தே அதன் பொருளைச் சொல்லும்.

இத்தகைய நுட்பங்கள் முன்பே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், உலகின் மரபணுத் தரவுகளில் மிகப்பெரும் பகுதி ஐரோப்பிய வழியினருடையதாக இருந்ததே. அக்குறையை நீக்கும் முயற்சியாக மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, 20 நிறுவனங்களின் கூட்டுறவுடன் ஜீனோம் இந்தியா திட்டத்தை மேற்கொண்டது. நாட்டின் 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதித் தரவுகள் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எந்த மாற்றம் நம்மிடையே இயல்பானது, எது நோய்க்குரியது என்று பிரித்தறிய இத்தரவுகள் துணைசெய்யும்.

மருமக்கள் வழியும் மரபணு வழியும்

நாஞ்சில் நாட்டில் ஒருகாலத்தில் மருமக்கள் வழிமுறை நிலவியது. ஒருவரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. தேரூர்க் கவிமணி அதன் இன்னல்களைப் பாடியதை நாம் அறிவோம். சட்டம் அதை மாற்றியது. மரபணுவோ எச்சட்டத்துக்கும் கட்டுப்பட்டதன்று. இந்நோயை உண்டாக்கும் மாற்றம், தந்தையிடம் இருந்தாலும் தாயிடம் இருந்தாலும், மகனுக்கோ மகளுக்கோ செல்லும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குடும்ப வரலாறு கேட்கும்போது பலர் தந்தை வழியை மட்டுமே சொல்கின்றனர். தாய்மாமன் இளவயதில் இறந்ததும், பாட்டிக்கு மூச்சுத் திணறல் இருந்ததும் கேட்டால்தான் வெளிவருகின்றன. தாய் நலமாக இருக்கிறார் என்பதாலேயே தாய்வழியில் நோய் இல்லை என்று கொள்ள முடியாது. மாற்றம் உடையவர் அனைவருக்கும் நோய் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை; சிலருக்கு வாழ்நாள் முழுதும் வெளிப்படாமலே இருக்கலாம்.

உறவுத் திருமணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. அக்கா மகளை மணந்தால் 8-இல் 1. இதயத் தசை நோயில் இருபுறமும் பழுதான படிகள் சேர்ந்த குழந்தைகளுக்கு நோய் கடுமையாகவும் மிக இளவயதிலும் வரக்கூடும். நேரடி உறவு இல்லாவிட்டாலும் ஒரே குழுவுக்குள் பல நூற்றாண்டுகள் மணந்து வந்தவர்கள் தொலைவில் உறவினரே. 2017-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை என்று காட்டியது. குடும்பத்தில் ஏற்கெனவே மரபுவழி நோய் இருந்தால், உறவில் மணம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நலம்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

1. ஒரு தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரையுங்கள். தந்தை வழி, தாய் வழி இரண்டையும் எழுதுங்கள். இறந்தவர்களின் பெயருக்கு அருகே வயதையும், எப்படி இறந்தார் என்பதையும் குறியுங்கள். காரணம் தெரியாத திடீர் மரணம், உறக்கத்தில் மரணம், நன்கு நீந்தத் தெரிந்தவர் நீரில் மூழ்கியது ஆகியவற்றையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அத்தாளைக் கொண்டு வாருங்கள்.

2. ஓடும்போதோ விளையாடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவை வந்தால், வெயிலின் மேலும் பசியின் மேலும் பழியைப் போட்டுவிட வேண்டாம். உழைப்பின் நடுவே வரும் மயக்கம் எந்த வயதிலும் உடனே ஆராயப்பட வேண்டியது.

3. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் செய்துகொள்ள வேண்டும். முதன்முறை இயல்பாக இருந்தாலும் போதாது. வளரும் பருவத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.

4. மரபணுப் பரிசோதனையை முதலில் நோயுள்ளவருக்கே செய்ய வேண்டும். அவரிடம் காரணமான மாற்றம் தெளிவாகத் தெரிந்தால், உறவினரிடம் அந்த ஒன்றை மட்டும் தேடலாம். நோயோ குடும்ப வரலாறோ இல்லாதவர்கள் அச்சத்தால் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டியதில்லை.

5. நெஞ்சு வலி என்றதும் வீட்டில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. தசைத் தடிப்பினால் குருதி வெளியேறும் வழி குறுகியிருப்பவர்களுக்கு அது இரத்த அழுத்தத்தை வீழ்த்தித் தீங்கு செய்யலாம். மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம். நீர்ச்சத்துக் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பீட்டா தடுப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலோர் மருந்தினாலேயே நலமாக வாழ்கின்றனர். ஆபத்து மிகுந்தவர்களுக்கு, துடிப்புச் சீர்கெடும் நொடியிலேயே அதனைச் சரிசெய்யும் கருவியைத் தோளருகே தோலின் அடியில் பொருத்துகிறோம். ஓய்வை மறந்த துடுப்புகளை மீண்டும் ஓய்வில் அமர்த்தும் மவாகாம்டென் என்னும் மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மரபணுவின் செயலை அறிந்ததால் உருவான மருந்து அது.

அந்தத் தாய்

அன்று எழுத வேண்டாம் என்று தடுத்த அந்தத் தாயிடம், எழுதாவிட்டால் என்னென்ன நேரக்கூடும் என்று விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மூவருக்கும் எக்கோ செய்ய இசைந்தார். இளைய மகனின் இதயச் சுவர் 17 மில்லிமீட்டர். எந்தத் தொல்லையும் இதுவரை உணர்ந்திராத தாய்க்கு 14. மகளுக்கு இயல்பான அளவு. தாய் கேட்ட முதல் வினா, "அப்போ எங்கிட்ட இருந்தா போச்சு?" என்பது.

இதற்கு விடை சொல்வது எளிதன்று. மருத்துவர் என்ற முறையில் ஆம் என்றுதான் கூற வேண்டும். ஆனால் அவர் அதைத் தேர்ந்து கொடுக்கவில்லை. அவரிடம் வந்ததும் அவருடைய பெற்றோருள் ஒருவரிடமிருந்து. அவர்களிடம் வந்தது அதற்கும் முன்னோரிடமிருந்து. கண்ணின் நிறத்தையும் குரலின் சாயலையும் கொடுத்த அதே கை, தன்னை அறியாமல் இதையும் சேர்த்துக் கொடுத்தது. இதில் குற்றவாளி எவரும் இல்லை.

மகனுக்கும் தாய்க்கும் மரபணுப் பரிசோதனை செய்ததில், இக்கட்டுரையில் பேசிய அதே மரபணுவில், நோய்க்குக் காரணம் என்று உறுதிசெய்யப்பட்ட ஒரு மாற்றம் இருவரிடமும் தெரிந்தது. மகளிடம் அது இல்லை. இனி அவர் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை. அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாக அது செல்லாது. மறைத்து வைத்திருந்தால் மகளுடைய வாழ்நாள் முழுதும் ஓர் ஐயம் தொடர்ந்திருக்கும். எழுதியதால் அது நீங்கியது. தம்பி மருந்தில் இருக்கிறார், போட்டி விளையாட்டை விட்டுவிட்டார், கல்லூரிக்குச் செல்கிறார். மூத்தவருக்கு வந்த அந்த இரண்டு மயக்கங்களை அன்று யாரேனும் ஒரு சீட்டில் எழுதியிருந்தால் என்ற எண்ணம் அத்தாயைவிட்டு நீங்கவில்லை. எனக்கும் நீங்கவில்லை.

ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் குடும்ப மரத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். வீட்டில் வயது முதிர்ந்த ஆச்சி, தாத்தா இருந்தால் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும் பெயர்களும் வயதுகளும் வேறெந்த ஆய்வகத்திலும் கிடைக்காதவை.